திருகோணமலை ஆலைகளும் நெறிப்படுத்தற் கருவிகளும்

ஆலைத் தொழினுட்பத்தின் பரவலை இயந்திர இறக்குமதியின் வரலாறாக மட்டும் நோக்குதல் பொருந்தாது என்பது எமது கருத்தாகும்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 முதல் 1990 வரை உள்ளூர்ச் சுண்ணக்கல்லையே பயன்படுத்தியது. கல்லின் சேர்க்கையறிந்து கலவையையும் சூளை வெப்பத்தையும் நெறிப்படுத்தல் அங்கு இன்றியமையாததாயிற்று.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்தபின் நிலைமை மாறியது. திருகோணமலையில் சிங்கப்பூர் மூலதனத்துடன் பிறீமா மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. யப்பானிய மூலதனப் பங்குடன் 1982இல் டோக்கியோ சீமெந்து நிறுவனம் தோன்றியது. இவ்வாலைகளை ஈர்த்தது ஆழ்ந்த துறைமுகமே. கோதுமையும் கிளிங்கரும் கப்பலில் வந்தன. தானியத்தின் ஈரப்பதனையும் அரைவின் நுண்மையையும் சீர்செய்யும் முறைகளும் மூலதனத்துடனேயே வந்தன.

எனவே, கருவியின் வருகையைத் தொழினுட்பக் கைமாற்றமென நாம் கொள்வதற்கில்லை. அளவுமானியை நோக்கும் தொழிலாளி அதன் அறிவியலுக்கும் உரியவனாகும்போதே அது நிறைவுறும்.