காவலர்க்குத் தந்த சலுகை

கணினி நிர்வாகம் கற்கத் தொடங்குவோர் முதலில் தேடுவது கட்டளைகளின் பட்டியலைத்தான். தமிழ் படித்த நம்மிடம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தின் பொறுப்பு வந்து சேர்ந்தபோது நாமும் அதையே செய்தோம். கட்டளைகள் சில வாரங்களில் பழகிவிட்டன. ஆனால் அதிகாரத்தை எப்படிக் கையாள்வது என்பதை ஒரு பழைய நிகழ்ச்சிதான் நமக்குக் கற்பித்தது.

1961 நவம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பை இயக்கிக் காட்டினர். அதுவரை துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்துக் கிடப்பதே வழக்கம். இவ்வமைப்போ கணினியின் நேரத்தைச் சிறு கூறுகளாக்கிப் பலருக்கும் பங்கிட்டது. ஒரு வீட்டில் பலர் குடியிருந்தால் அறைக்கொரு பூட்டு வேண்டுமல்லவா? அவ்வாறு வந்ததே கடவுச்சொல். அனைவருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், எழுதியவாறே கிடந்தன.

1960-களின் நடுப்பகுதியில் ஒரு நாள், உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அந்தக் கடவுச்சொல் கோப்பு முழுவதும் அச்சாகி வந்தது. பகைவர் எவரும் புகுந்துவிடவில்லை. ஒரு நிர்வாகி அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்த அதே வேளையில் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் ஒரே பெயர் கொண்டவை. இரு சுவடிகளின் ஏடுகள் மாறிக் கோக்கப்பட்டாற்போல ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்துவிட்டது.

ஒரே பெயர் வைத்தது ஏன்? ஓர் அடைவில் ஒரு சமயம் ஒருவரே பணியாற்றுவார் என்பது அமைப்பின் தொடக்க விதி. பின்னாளில் நிர்வாகிகளின் வசதிக்காக, அவர்களுக்கு மட்டும் அவ்விதி தளர்த்தப்பட்டது. பொதுமக்களுக்குப் பூட்டிய கதவைக் காவலர்கள் தமக்கென்று சற்றே திறந்து வைத்தனர். விபத்து அவ்வழியே நுழைந்தது. 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் கோர்பட்டோவே இதனை ஒளிக்காமல் எடுத்துரைத்தார்.

யுனிக்ஸ் அமைப்பை உருவாக்கிய பெல் ஆய்வகத்தார் இதிலிருந்து பாடம் கற்றனர். ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979-இல் எழுதிய கட்டுரை இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறது. கடவுச்சொல்லை மீட்டறிய இயலாத வடிவுக்கு மாற்றியே சேமிப்பது அவர்கள் கையாண்ட வழி. பயனர் தட்டும் சொல் அதே முறையில் மாற்றப்பட்டு, சேமித்த வடிவோடு ஒப்பிடப்படும். கோப்பைத் திறக்கும் நிர்வாகிக்கும் மூலச்சொல் தெரியாது.

ஆயினும் மனித இயல்பு எளிதில் மாறுவதில்லை. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியனவாகவோ அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் அகப்படுவனவாகவோ இருந்தன. ஓரெழுத்தே கொண்டவை 15!

நம் கூடத்தில் மூன்று ஆசிரியர்கள் ‘ரூட்’ என்னும் தலைமைக் கணக்கின் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்து வைத்திருந்தோம். வசதிதானே காரணம். ஒருநாள் அகமதிப்பீட்டு மதிப்பெண் கோப்பு காணாமற் போயிற்று. அழித்தவர் யாரென அறிய வழியில்லை. பழியோ அக்கடவுச்சொல்லையே அறியாத கூட உதவியாளர்மேல் விழுந்தது. அவர் பேசாமல் நின்ற காட்சி இன்னும் நம் கண்ணில் நிற்கிறது.

1980-ஐ ஒட்டி நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பிறந்த ‘சுடோ’ என்னும் கட்டளை, அவரவர் தம் சொந்தக் கணக்கில் இருந்தபடியே தேவையான அதிகாரத்தை மட்டும் பெற்றுப் பணி செய்ய வழி தருகிறது. செய்தவர் பெயரும் பதிவாகிறது. பின்னர் நாமும் அம்முறைக்கு மாறினோம். அப்பதிவேடு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் கருவி மட்டுமன்று. குற்றமற்றவருக்குச் சாட்சியும் அதுவே. புதிதாகக் கற்க வருவோர் முதலில் அமைக்க வேண்டியது இப்பதிவேட்டையே. அதில் முதற்பெயராகத் தம் பெயரும் இருக்கட்டும்.