ஒரு பட்டியல் தலைப்பும் ஒரு தீர்ப்பும்: வெங்கடரமணா வழக்கை மீண்டும் வாசித்தல்

சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. செண்பகம் துரைராஜன் வழக்கு கல்லூரி இடங்களைப் பற்றியது. வெங்கடரமணா வழக்கு மாவட்ட முன்சீப் பதவிகளைப் பற்றியது. ஆய்வுலகம் முதல் வழக்கையே திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறது. அத்தீர்ப்பு இடஒதுக்கீட்டை வீழ்த்தியது, அரசமைப்பின் முதல் திருத்தம் அதை மீட்டது என்பது அந்த வாசிப்பின் சாரம். நிலைத்த விளைவு இரண்டாவது தீர்ப்பில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

வெங்கடரமணா வழக்கில் பங்கிடப்பட்டவை 83 பதவிகள்: ஹரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11. பிற்பட்ட வகுப்பினருக்குப் பதவிகளை ஒதுக்க உறுப்பு 16(4) இடமளிப்பதால் ஹரிஜனங்கள், பிற்பட்ட இந்துக்கள் ஆகியோருக்கான ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றது. மற்ற நான்கு பிரிவினரும் அவ்விருவகையில் சேராதோராகவே கருதப்பட்டிருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று கூறி, அவர்களுக்கான பங்கீடு செல்லாது என்றது.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். முஸ்லிம்கள் பிற்பட்டவர்களா இல்லையா என்பதற்குத் தீர்ப்பில் எந்த விசாரணையும் இல்லை; கல்வி நிலையோ, பதவிகளில் அவர்களுக்கிருந்த பங்கோ எடைபோடப்படவில்லை. முடிவுக்கு ஆதாரம் அரசாணையின் பட்டியல் தலைப்பு மட்டுமே. 'பிற்பட்ட இந்துக்கள்' என்றொரு தலைப்பு இருக்கிறது. ஆகவே அத்தலைப்பின் கீழ் வராதோர் பிற்பட்டோர் அல்லர். ஆனால், அந்த அரசாணை பிற்பட்ட நிலையை அளக்க எழுதப்பட்டதல்ல. வகுப்புகளுக்கிடையே பங்கு பிரிக்க எழுதப்பட்டது. பிராமணர்களுக்கும் அதில் பங்கு இருந்ததே இதற்குச் சான்று. பங்கீட்டுக்கு இட்ட பெயர், தீர்ப்பில் சமூக நிலை பற்றிய முடிவாக மாறிவிட்டது.

நீதிபதிகள் இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பின் வாசகம் அதற்கு இடம் தரவும் இல்லை. விளைவு மட்டும் தெளிவு. 1951 ஜூனில் நிறைவேறிய முதல் திருத்தம் உறுப்பு 15(4)-ஐச் சேர்த்தது. உறுப்பு 16-ஐத் தொடவில்லை. சேர்த்த உட்பிரிவும், பட்டியல் சாதிகள், பழங்குடிகள் நீங்கலாக, 'சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினர்' என்ற சொல்லாட்சியையே கைக்கொண்டது. செண்பகம் தீர்ப்பை மறுத்த நாடாளுமன்றம், வெங்கடரமணா வகுத்த எல்லைக்குள்ளேயே நின்றது. அதன் பிறகு பங்கு கேட்போர் முதலில் பிற்பட்ட நிலையை நிறுவியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபோதும், 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்கள்' என்ற வாயில் வழியாகவே அது வந்தது.

தென்னாப்பிரிக்கா வேறு வழியில் சென்றது. அதன் 1996 அரசமைப்பின் 9(2), ஈடுசெய் நடவடிக்கைகளைச் சமத்துவத்தை அடைவதற்கான வழியாகவே எழுதியது. அவை சமத்துவத்துக்கு விலக்கு அல்ல, அதன் பகுதியே என்று 2004இல் வான் ஹீர்டன் வழக்கில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 16(4) குறித்து ஏறத்தாழ இதே கருத்தை எட்டியது 1975இல், என்.எம். தாமஸ் வழக்கில். அப்போதும் மாறியது விலக்கு என்ற கருத்துதான். பிற்பட்ட நிலை என்ற நுழைவு நிபந்தனை நீடித்தது.

சில பக்கங்களே உள்ள தீர்ப்புக்கு இவ்வளவு கனம் ஏற்றலாமா என்று கேட்கலாம். பக்க எண்ணிக்கை ஒரு தீர்ப்பின் பிடியை அளக்காது. பிராமணரல்லாதார் என்ற வகைக்குள் நிலவுடைமைச் சாதிகளே பெரும்பங்கை எடுத்திருப்பார்கள் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால், அதற்கு விடை உள்ஒதுக்கீடு. அந்த மறுப்பை ஏற்றாலும், முஸ்லிம்களையும் கிறித்தவர்களையும் விசாரணையின்றி வெளியேற்றியதற்கு அதில் நியாயம் கிடைக்காது.

ஒப்பீட்டு ஆய்வுகள் செண்பகம் வழக்கையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும்வரை, இந்தியாவில் நடந்த விவாதம் தகுதிக்கும் ஒதுக்கீட்டுக்கும் இடையிலானதாகவே தோன்றும். வெங்கடரமணாவிலிருந்து தொடங்கினால் வேறொரு கேள்வி முன்னே வருகிறது: அதிகாரத்தில் பங்கு என்பது உரிமையா, பின்தங்கியதற்கான நிவாரணமா? அந்தக் கேள்வி 1951இல் வாதிடப்படாமலே, ஒரு பட்டியல் தலைப்பைக் கொண்டு முடித்துவைக்கப்பட்டது.