தலையாட்ட வைத்த கார்ட்டூன்



போன வாரம் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் கார்ட்டூன் ஓடுகிறது. பேங்கிலிருந்து பேசுவதாக ஒரு போன். அவன் சொன்னதற்கெல்லாம் ‘சரி, சரி’ என்றேன். ஓ.டி.பி.யில் நான்கு இலக்கம் சொல்லியும் விட்டேன். “யாருங்க போன்ல?” என்று வீட்டம்மா கேட்ட பிறகுதான் விழித்தேன். பணம் தப்பியது. வகுப்பில் ‘ஏன் என்று கேள்’ என்று சொல்லிக்கொடுத்தவன் எப்படி ஏமாறப் பார்த்தேன்?

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1964-இல் லியான் ஃபெஸ்டிங்கர், நேதன் மக்கோபி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே கல்லூரிகளில் ஃபிரட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கங்கள் உண்டு. அவற்றைக் கண்டிக்கும் ஒரு பேச்சைச் சங்க உறுப்பினர்களையே கேட்க வைத்தார்கள். சிலருக்குப் பேசுபவரின் படம் திரையில் ஓடியது. சிலருக்கு அதே பேச்சு காதில். கண்ணுக்கோ சம்பந்தமே இல்லாத ஒரு வேடிக்கைப் படம். வேடிக்கை பார்த்தவர்களே அதிகம் மனம் மாறினார்கள்.

காரணம் எளிது. பிடிக்காததைக் கேட்கும்போது மனசுக்குள் ஒரு குரல் பதிலுக்குப் பதில் வாதாடும். கண் வேறெங்கோ போனால் அந்தக் குரல் அடங்கிவிடும்.

1976-இல் பெட்டி, வெல்ஸ், பிராக் ஆகிய மூவர் இன்னொரு படி போனார்கள். கவனம் சிதறினால் சொத்தையான வாதம் எளிதில் எடுபடுகிறது. நல்ல வாதமோ வலுவிழக்கிறது என்று கண்டார்கள். அதாவது, பொய்யை மறுக்கவும் முடியாது, மெய்யை ஏற்கவும் முடியாது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

அன்று என் உள்குரல் கார்ட்டூனிலும் சோற்றுக் கிண்ணத்திலும் இருந்தது. அது கேட்க வேண்டிய கேள்வியை வீட்டம்மா கேட்டார்.

இதை எழுதும்போது ஒரு குற்ற உணர்ச்சியும் வருகிறது. வகுப்பில் “அது எப்படி சார்?” என்று எதிர்த்துக் கேட்டவர்களை “உட்காருடா” என்று அடக்கியிருக்கிறேன். கவனித்தவர்கள்தான் எதிர்த்தீர்கள் என்பது இப்போது புரிகிறது. மன்னியுங்கள்.

யாராவது உங்களிடம் அவசரமாகச் சம்மதம் கேட்டால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். டிவியை அணையுங்கள். “அப்புறம் பேசுகிறேன்” என்று சொல்லிப் போனை வையுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

நலமே விளைக.