ரோமானியக் காசில் ஒரு வெட்டு

வரலாறு பிடித்திருந்தும், வேலை கிடைக்காது என்று பயந்து காமர்ஸ் எடுத்தவன் நான். போன மாதம் எங்கள் வகுப்போடு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போனோம். 1851-ல் தொடங்கியது. நண்பர்கள் எல்லோரும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போக, நான் நாணயப் பிரிவிலேயே நின்றுவிட்டேன்.

ரோமானியக் காசுகள்! நம் மிளகுக்கும் முத்துக்கும் விலையாகக் கடல் கடந்து வந்தவை. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி புலம்பியிருக்கிறார். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் முகத்தில் ஒரு வெட்டு இருக்கும். மறுபடி பணமாகப் புழங்காமல், வெறும் தங்கமாக எடைபோடத்தான் அப்படி வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

அப்படியென்றால் பிளினி புலம்பியதுதானே எங்கள் பாடத்தில் வரும் வர்த்தகப் பற்றாக்குறை? நான் விட்டுவந்ததாக நினைத்த வரலாறு, என் பாடப்புத்தகத்துக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.