ரங்கப்பிள்ளை வீதி: பேரும் வீடும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போறவங்க எல்லாருக்கும் ரங்கப்பிள்ளை வீதி தெரியும். ஆனா, 'யாருங்க அந்த ரங்கப்பிள்ளை?'னு கேட்டா பலர் யோசிப்பாங்க. பதில் அதே வீதியில இருக்கு. கடைகளுக்கு நடுவுல நிற்கும் பழைய வீடுதான் அது.

1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அப்பா திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்து, வணிகராக வளர்ந்தார். பிறகு கவர்னர் துய்ப்ளேயின் தலைமை துபாஷியானார். துபாஷின்னா வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பிரெஞ்சுக் கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நவாப்புகளுக்கும் இடையே பேசி முடிக்கிற ஆள்.

1730-களில் கட்டப்பட்ட இந்த வீட்டைப் பார்த்தாலே அவர் வாழ்க்கை புரிஞ்சுடும். கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம்ம ஊர் பாணி. மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு ஐரோப்பிய பாணி. பகல்ல பிரெஞ்சுக்காரர்களோடு பேசினவர், நாட்குறிப்பை மட்டும் தமிழில்தான் எழுதினார். 1736-ல் தொடங்கி சாகும்வரை கப்பல் வரவு, சரக்கு விலை, கவர்னர் மாளிகை வம்பு, போர்னு எதையும் விடலை.

1761 ஜனவரியில், ஆங்கிலேயர் முற்றுகையின்போதே அவர் இறந்துபோனார். அதே மாதம் புதுச்சேரியும் வீழ்ந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதிக் கட்டடங்களையும் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். துய்ப்ளே காலத்து மாளிகைகள் போயின. துபாஷியின் வீடு தப்பியது. ஊரிலேயே மிகப் பழைய வீடுகளில் ஒன்று இப்போ இதுதான்.

நாட்குறிப்பு மட்டும் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1846-ல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களுக்கும் அதுவே ஆதாரம்.

வீதிப் பலகையை எப்ப வேணா புதுசா மாட்டிக்கலாம். வீடு அப்படி இல்லை. 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அதைத் திரும்பக் கட்டினார்கள். ஆனா, இப்போ நிற்பது அந்தப் பழைய சுவர் இல்லையே!

அடுத்தமுறை மார்க்கெட்டுக்குப் போனா, அந்த வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க. தனியார் வீடு என்பதால், அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீங்க. மேல்தளத் தூண்களைத் தெருவில் இருந்தே பார்க்கலாம்.