நாய்ப் பயிற்சி

மனிதரின் சொல்லுக்கும் சைகைக்கும் ஏற்ப நடக்க நாயைப் பழக்குவது நாய்ப் பயிற்சி எனப்படும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் இருக்கக் குட்டியைப் பழக்குவது, கழுத்து வாரை இழுக்காமல் நடக்க வைப்பது, மந்தையைத் திருப்புவது, வெடிமருந்தை மோப்பம் பிடிப்பது, பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது எல்லாம் இதில் அடங்கும். நாயின் இயல்பை ஆராயும் நடத்தையியலும் இந்தப் பயிற்சிக் கலையும் இன்று சேர்த்தே பேசப்படுகின்றன. ஆயினும் இடையர்களும் வேட்டைக்காரர்களும் காவலர்களும் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டவற்றுக்கே ஆய்வுக்கூடம் பின்னாளில் காரணம் சொன்னது.

தோற்றம்

நாய் ஓநாயிலிருந்து வந்தது. ஜெர்மனியின் பான் நகரை அடுத்த ஓபர்காசலில் 1914இல் கற்சுரங்கத் தொழிலாளர்கள் கண்டெடுத்த புதைகுழியில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளோடு நாயின் எலும்புகளும் இருந்தன. அதன் காலம் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன். அந்த நாய் ஏழு மாதக் குட்டி. அதன் பற்களில் டிஸ்டெம்பர் நோயின் தடயங்கள் காணப்படுகின்றன. ஊட்டிக் கவனிக்க ஆள் இல்லாமல் அந்த நோயோடு அது பல வாரம் பிழைத்திருக்க முடியாது. வேட்டைக்கு உதவாத நோயாளிக் குட்டியைப் பேணிய அந்த மனிதர்கள் நாயை வேலைக்காக மட்டும் வைத்திருக்கவில்லை.

மனிதரோடு இணங்குவது வேறு, பயிற்சி வேறு. சோவியத் மரபியலர் திமித்ரி பெல்யாயெவ் 1959இல் நோவசிபீர்ஸ்க்கில் தொடங்கிய நரிச் சோதனை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். அவற்றுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டு வாலாட்டும் நரிகள் பிறந்தன. இணக்கம் மரபில் இறங்குகிறது. பயிற்சியை ஒவ்வொரு நாய்க்கும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பண்டைய நூல்கள்

நாயைப் பழக்கும் முறையை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, கிரேக்கப் படைத்தலைவர் ஸெனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய வேட்டை நூல். முயல் வேட்டையே அவருடைய பொருள். பெண் குட்டிகளை எட்டு மாதத்திலும் ஆண் குட்டிகளைப் பத்து மாதத்திலும் வேட்டைக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறார். தொடக்கத்தில் அவற்றை அவிழ்த்துவிடக் கூடாது. நீண்ட வாரில் கட்டியபடியே மோப்பம் பிடிக்கும் நாய்களின் பின்னால் நடத்த வேண்டும். கூப்பிட எளிதாகப் பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை வரிசையாகத் தருகிறார்.

இவற்றைவிட முக்கியமானவை அவர் உணவைப் பற்றிச் சொன்ன இரண்டு குறிப்புகள். குட்டிகளுக்கு வேட்டை வலையின் அருகிலேயே தீனி வைக்க வேண்டும். அனுபவமின்மையால் வழி தவறினாலும் தீனியைத் தேடி அங்கே திரும்பி வந்துவிடும். இன்னொன்று, வேட்டைக்காரரே தம் கையால் தீனி போட வேண்டும் என்பது. பசித்திருக்கும்போது யாரால் பசி வந்தது என்று நாய்க்குத் தெரியாது, ஆனால் பசி தீர்த்தவர் யார் என்பது தெரியும், அவரிடம் அன்பு வைக்கும் என்பது அவர் கூறும் காரணம். வெகுமதிப் பயிற்சி 20ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்போர் ஸெனபோனைப் படித்திருக்க மாட்டார்கள்.

ரோமானியர்களின் அக்கறை வயலிலும் மந்தையிலும் இருந்தது. வாரோ கி.மு. 37இல் எழுதிய வேளாண் நூலில் மந்தை நாயை வேட்டைக்காரரிடமோ கசாப்புக்காரரிடமோ வாங்காதே என்று எச்சரிக்கிறார். கசாப்புக்காரரிடம் வளர்ந்தது மந்தையின் பின்னால் நடக்கச் சோம்பும். வேட்டைக்காரரிடம் வளர்ந்தது முயலையோ மானையோ கண்டால் ஆட்டை விட்டுவிட்டு ஓடும். புதிதாக வாங்கிய நாய் பின்தொடர்ந்து வர, வேகவைத்த தவளையைப் போட வேண்டும் என்று சிலர் சொல்வதையும் பதிவு செய்திருக்கிறார். சிலர் சொல்கிறார்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டது விவேகம்.

வாரோ சொல்லும் ஒரு நிகழ்ச்சி நாய் மனத்தைப் பற்றிய பழைய சான்றுகளில் தனித்து நிற்கிறது. அமிட்டெர்னும் ஊரைச் சேர்ந்த அவுஃபிடியுஸ் பொந்தியானுஸ் என்பவர் உம்பிரியாவின் தொலைவிடத்தில் ஆட்டு மந்தைகளை நாய்களோடு சேர்த்து வாங்கினார். இடையர்கள் விலையில் சேரவில்லை. தென் இத்தாலியிலுள்ள மெட்டபோன்டும் மேய்ச்சல் நிலம் வரை மந்தையை ஓட்டிவந்து விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சில நாளில் நாய்கள் தாமாகவே புறப்பட்டு, வழியில் வயல்களில் கிடைத்ததைத் தின்று, பல நாள் வழி நடந்து உம்பிரியாவில் இருந்த அந்த இடையர்களிடமே போய்ச் சேர்ந்தன. நாய் மந்தையோடு கட்டுண்டதல்ல, ஆளோடு கட்டுண்டது என்பதை வாரோ விலை கொடுத்தவரின் நட்டத்தின் வழியே காட்டிவிடுகிறார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் இன்னொரு ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா காவல் நாய்க்கும் மந்தை நாய்க்கும் நிறம் வகுத்தார். பண்ணைக் காவலுக்குக் கறுப்பு: பகலில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், இரவில் திருடன் கண்ணுக்குத் தெரியாது. மந்தைக்கு வெள்ளை: விடியல் மங்கலில் ஓநாய் என்று எண்ணி இடையன் அடித்துவிட மாட்டான். பெயர் மிக நீளமாகவும் இரண்டு அசைக்குக் குறைவாகவும் இருக்கக் கூடாது என்பதும் அவருடைய விதி. இன்றைய பயிற்றுநர்களும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அர்ரியன், ஸெனபோன் அறியாத கெல்ட்டிய வேகநாய்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஓடி முடித்த நாயைப் பெயர் சொல்லிப் பாராட்டித் தடவிக்கொடுக்க வேண்டும், அது மனிதரோடு உறங்குவது நல்லது என்றெல்லாம் சொல்லும் அவர், தம் சொந்த நாய் ஹோர்மியின் பழக்கங்களையும் எழுதிவைத்திருக்கிறார்.

தமிழகத்தில் இவற்றுக்கு இணையான பயிற்சி நூல் இல்லை, கல்வெட்டு இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லில், இறந்த வீரனுக்கு அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்கிறது கல்வெட்டு. வீரனுக்கு உரிய மரியாதை நாய்க்கும் கிடைத்த அரிய சான்று இது.

நவீன முறைகள்

ஆயினும் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலும் வேட்டை நாயை அடித்து வழிக்குக் கொண்டுவருவது பரவலான வழக்கம். பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் காவல்துறை 1899இல் நாய்களை முறையாக இரவு ரோந்துக்கு எடுத்ததிலிருந்து, குறித்த வேலையை வழுவாமல் செய்யும் நாய்களுக்குத் தேவை பிறந்தது. ஜெர்மனியின் சார்புரூக்கன் காவல் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1906இல் காவல் நாய்களைப் பழக்கத் தொடங்கி, 1910இல் தம் முறையை நூலாக்கினார். நாய்க்கு மனித அறநெறி தெரியாது, அது செய்த செயலுக்கும் உடனே கிடைத்த விளைவுக்கும் உள்ள தொடர்பையே கற்கிறது என்பது நூலின் அடித்தளம். விளைவு தாமதித்தால் பாடம் தவறாகிவிடும். ஓடிப்போன நாய் அரைமணி கழித்துத் திரும்பி வந்ததும் அடிப்பவர், ஓடிப்போனதற்குத் தண்டிப்பதாக நினைக்கிறார். திரும்பி வந்ததற்கு அடி விழுந்தது என்றே நாய் கற்கும். அமெரிக்க உளவியலர் ஸ்கின்னர் 1938இல் இதே விதியைக் கோட்பாடாக்கியபோது மோஸ்டின் நூலுக்கு இருபத்தெட்டு வயது. முள் கழுத்துப்பட்டை, சாட்டை ஆகியவற்றையும் மோஸ்ட் பயன்படுத்தினார். அது அந்தக் கால வழக்கம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவற்றில் பலரும் அறிந்தது ரஷ்ய உடலியலர் இவான் பாவ்லோவின் பணி. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவர், தீனி வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தீனியோடு சேர்ந்து வந்த ஒலிக்கே பின்னர் எச்சில் ஊறியது. அந்த ஒலி மணி என்று எல்லோரும் சொன்னாலும், மெட்ரோனோம் போன்ற பல கருவிகளை அவர் கையாண்டார். வாரைக் கையில் எடுத்த ஒலிக்கே நாய் துள்ளுவதும், கால்நடை மருத்துவமனை வாசலிலேயே நடுங்குவதும் இந்த வகைக் கற்றல்தான்.

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1940களில் விலங்குகளைப் பழக்கும் நிறுவனம் நடத்தினார்கள். சரியான செயல் நிகழ்ந்த நொடியில் ஒரு சிறு ஒலி எழுப்பி, பிறகு தீனி தரும் முறை அவர்களிடமிருந்து பரவியது. ஒலி நொடியைக் குறித்துவிடுவதால் தீனி சற்றுத் தாமதித்தாலும் பாடம் பிசகாது. ஹவாயில் டால்பின் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட நூல் இந்த முறையை வீட்டு நாய்களுக்குக் கொண்டுசேர்த்தது. 1990களில் ‘கிளிக்கர்’ என்னும் சிறு சொடுக்குக் கருவி பரவலானது. இடையில் பயிற்றுநர் வில்லியம் கோலர் 1962இல் எழுதிய, இறுக்குச் சங்கிலியை நம்பிய நூல் அமெரிக்காவில் ஏராளமாக விற்றது. இன்று அதை நம்புவோர் குறைவு.

குட்டிப் பருவம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து 1965இல் முடிவுகளை நூலாக்கினார்கள். குட்டியின் மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே மனிதரையும் உலகையும் ஏற்றுக்கொள்ளும் காலம் என்று கண்டார்கள். அதே கூடத்தில் நடந்த 1961ஆம் ஆண்டுச் சோதனையில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வேலியிட்ட நிலத்தில் வளர்ந்த குட்டிகள் பின்னர் காட்டு விலங்கு போலவே மிரண்டன. குழந்தை, குடை, ஆட்டோ, பிரஷர் குக்கர் விசில் ஆகியவற்றை இந்த வாரங்களில் அச்சமின்றிச் சந்தித்த குட்டிக்குப் பிறகு அவை பொருட்டல்ல. தடுப்பூசிகள் முழுமையாக முடியும் வரை குட்டியை அடைத்தே வைத்தால் இந்தக் காலம் கடந்துவிடும் என்பதால், முதல் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குப் பின், தெரு மண்ணில் விடாமல் கையில் தூக்கியாவது வெளியே காட்டுவதே சரி. தாயிடமிருந்து மிக முன்பே பிரிப்பதும் தவறு. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கத் தடை செய்கின்றன.

கழிப்பிடப் பழக்கத்துக்குத் தந்திரம் எதுவும் இல்லை. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் குட்டியை உரிய இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே கழித்ததும் உடனே தின்பண்டம் தர வேண்டும். வீட்டுக்குள் அசுத்தம் செய்த குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது பயனற்றது. ஆள் பார்க்காத இடமாகத் தேடிப்போகவே குட்டி கற்கும்.

உடல்மொழி

வாலாட்டுவதெல்லாம் மகிழ்ச்சி அல்ல. உடல் முழுதும் குழைந்து வால் அகலமாக ஆடினால் அது நட்பு. உடல் விறைத்து, உயர்ந்த வாலின் நுனி மட்டும் துடித்தால் எச்சரிக்கை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உரிமையாளரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்தும், அயலான முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தும் ஆடியது. தூக்கம் இல்லாத நேரத்துக் கொட்டாவி, தீனி இல்லாதபோது மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியன சங்கடத்தின் குறிகள். முன்காலைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் விளையாட அழைக்கிறது. உறுமுவது கடிக்கு முந்தைய அறிவிப்பு. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது.

செருப்பைக் கடித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் நாயின் ‘குற்ற உணர்வை’ ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் சோதித்தார். தப்புச் செய்த நாய், செய்யாத நாய் இரண்டும் உரிமையாளர் அதட்டியபோது அதே முகத்தைக் காட்டின. முகம் அதட்டலுக்கான பதில்.

கூட்டத் தலைவன் கருத்து

நாயை அடக்கி ‘ஆல்பா’ ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கு மூலம், ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அடைப்பில் சேர்த்து வைத்த, உறவில்லாத ஓநாய்கள் தலைமைக்குப் போட்டியிடுவதை அவர் கண்டார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் இதைத் தம் 1970ஆம் ஆண்டு நூலில் பரப்பினார். பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கவனித்து, கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் தாமே மறுத்தெழுதினார். இதே கருத்தின் பேரில் அமெரிக்காவின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் பரிந்துரைத்த, நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்தும் முறையை அவர்களே பின்னாளில் கைவிட்டார்கள். 

பணி நாய்களும் இன்றைய நிலையும்

முதல் உலகப்போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. 1929இல் அமெரிக்காவில் ‘சீயிங் ஐ’ நிறுவனம் தோன்றியது. கட்டளையை மீற வேண்டிய இடம் அறிவதே வழிகாட்டி நாயின் உயர்ந்த பாடம்: எஜமானர் ‘போ’ என்றாலும் வண்டி வந்தால் அது நின்றுவிட வேண்டும். இந்தியாவில் ராணுவ நாய்கள் மீரட்டிலும், காவல் படைகளின் நாய்கள் பலவும் குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் மையத்திலும் பயிற்சி பெறுகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய தமிழக இனங்களை வளர்க்கும் ஆர்வம் அண்மையில் கூடியுள்ளது. தமிழ் வீடுகளில் தமிழ் நாய்க்கும் ‘சிட்’, ‘கம்’ என்றே கட்டளை. கொல்கத்தா ஆய்வாளர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்களே மனிதர் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்வதைக் கண்டுள்ளனர். பயிற்சிக் கருவிகளில் மின்னதிர்வுக் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010இல் தடை செய்தது. வேறு சில ஐரோப்பிய நாடுகளிலும் தடை உண்டு.