எண்ணுவதும் விதிப்பதும்: மும்பைக் குடிசைக் கணக்கெடுப்புகளின் வரலாறு

இருப்பதை உள்ளபடி விவரிப்பது ஒரு வேலை. இருக்க வேண்டியதை விதிப்பது வேறு வேலை. 1739–40இல் வெளிவந்த தம் நூலில் டேவிட் ஹியூம் இந்த வேறுபாட்டைச் சுட்டினார். 1891இல் ஜான் நெவில் கெய்ன்ஸ் அதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டின் மொழியியல் அதையே தன் நுழைவாயிலாக வைத்துக்கொண்டது. தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலை இவர்களுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே எதிர்கொண்டது. தொல்காப்பியர் மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என்கிறது பனம்பாரனாரின் பாயிரம். விதிக்கு அடங்காத வழக்கைப் பின்வந்த இலக்கணிகள் கையாண்ட முறை இன்னும் நுட்பமானது. வழு, வழாநிலை என்ற இரண்டோடு நிறுத்தாமல் வழுவமைதி என்ற மூன்றாவது வகையையும் வைத்தார்கள். பசு ஒன்றை ஒருவர் மகிழ்ச்சியில் அம்மை என்று அழைத்தால் அது திணை வழு. ஆனாலும் உவப்பு என்ற காரணம் பற்றி நன்னூல் அதை ஏற்கிறது. விதி இன்னது, வழக்கு இன்னது, விதியைத் தளர்த்திய காரணம் இன்னது என மூன்றும் தனித்தனியே தெரிகின்றன. இந்த நேர்மை மும்பையின் வீட்டுவசதிச் சட்டங்களில் இல்லாமற்போனதே இக்கட்டுரையின் பொருள்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. நகரைச் சீரமைக்க 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. நெருக்கமாக மக்கள் வாழும் இடமே நோயின் ஊற்று என்பது அன்றைய ஆட்சியாளரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை விசாரணைக்கு உட்படாமல் உண்மைக் கூற்றாகவே கோப்பில் ஏறியது. டிரஸ்ட் தொடக்க ஆண்டுகளில் தொழிலாளர் வீடுகளை இடித்த வேகத்தில் மாற்று வீடுகளைக் கட்டவில்லை. அதே டிரஸ்ட் வடக்கே வகுத்த தாதர்–மாதுங்கா மனைத்திட்டத்தில்தான் பின்னர் படித்த தமிழ் நடுத்தர வர்க்கம் குடியேறியது. வடகிழக்குப் புறநகரான முலுண்டின் பழைய நேர்த்தெருக்களும் அப்படி முன்கூட்டி வரைந்த திட்டத்தில் பிறந்தவையே. 1922இல் கிரவுன் அண்ட் கார்ட்டர் நிறுவனம் அவற்றை வகுத்தது. தாராவி இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. கோலிகளின் மீனவக் குடியிருப்பை அடுத்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும் குஜராத்திலிருந்து வந்த குயவர்களும் சதுப்பைத் தாங்களே மேடாக்கிக் குடியேறினார்கள். வாழ்க்கை முதலில் வந்தது. வரைபடம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது.

திட்டத்துக்கு முன் கணக்கெடுப்பு என்ற கொள்கையை இந்நாட்டில் வலியுறுத்தியவர் நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ். 1914இல் இந்தியா வந்து, சென்னை மாகாண ஊர்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையைத் தொடங்கி வைத்தவரும் அவரே. ஒரு தெரு ஏன் வளைந்திருக்கிறது என்று தெரியாதவர் அதை நிமிர்த்தக் கூடாது என்பதே அவர் வாதத்தின் சாரம். சமூகவியலும் நகரமைப்பும் ஒரே கூரையின்கீழ் இருந்த அந்த வாய்ப்பை நாம் தவறவிட்டோம். ஒரு துறை விவரிப்பதோடு நின்றது. மற்றது விவரங்களுக்காகக் காத்திராமல் விதித்தது.

சட்டம் விவரிப்பு, விதிப்பு இரண்டையும் ஒரே சொற்றொடரில் குழைத்தது. 1971ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி, பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ வசதிக்கோ ஊறு விளைவிக்கக்கூடிய பகுதியைக் குடிசைப்பகுதி என்று அறிவிக்கலாம். வசதி யாருடைய வசதி? அங்கே வாழ்பவருடையதா, அக்கம்பக்கத்தாருடையதா? இலக்கணம் சொல்வதுபோல் தொடங்கும் வாக்கியம் தீர்ப்பாக முடிகிறது. 1976இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்தது. நடைபாதைவாசிகள் தொடர்பான ஒல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அதே மூச்சில் நடைபாதைக் குடிசைகளை அகற்றவும் அனுமதித்தது. 1976இல் எண்ணப்பட்டவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றும் சொன்னது. ஒரு நாளில் யார் எங்கே இருந்தார் என்ற வெறும் விவரம், யாருக்கு வீடு கிடைக்க வேண்டும் என்ற விதியாக மாறிய இடம் இது. அதன்பின் வீடு பெறும் தகுதிக்கான கெடு நாள்கள் 1985, 1995, 2000 என்று நகர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு வழுவமைதிதான். எந்தக் காரணம் பற்றி அமைத்தோம் என்று மட்டும் எந்த ஆணையும் உரைக்கவில்லை.

எண்ணப்படுவோரும் சும்மா இருக்கவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை 1970களில் உருவாக்கினார். 1985இல் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு நடைபாதைவாசிகளைத் தானே எண்ணி அறிக்கை வெளியிட்டது. ராஜீவ் காந்தி மும்பைக்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டபோது, மக்களும் கூட்டமைப்பும் சேர்ந்து 1986இல் தாராவியைக் கணக்கெடுத்தார்கள். அவர்கள் கண்ட மக்கள்தொகை சுமார் 5.3 லட்சம், அரசின் மதிப்பீட்டைவிட வெகு அதிகம். எண்ணுகிறவர் மாறினால் எண் மாறுகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விழுமியம் கலக்காத விவரிப்பு எங்குமே இல்லை. எதை எண்ணுவது, எதை விடுவது என்பதே தேர்வு. பின் ஏன் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறீர்கள்? அமர்த்தியா சென் 1980இல் எழுதிய கட்டுரையில் விவரித்தலும் ஒரு தேர்வே என்று நிறுவினார். அதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தேர்வு இருப்பதாலேயே தேர்வை மறைக்கும் உரிமை வந்துவிடாது. சென் சொல்வது உண்மையானால் கணக்கெடுப்பவர் தம் அளவுகோலை வெளியிடும் கடமை கூடுகிறது. இன்னொரு மறுப்பு நிர்வாகிகளுடையது: கெடு நாள் ஒன்று இல்லாவிட்டால் எல்லோருக்கும் வீடு தர வேண்டிவரும், நிலமும் பணமும் போதா. இது மதிக்கத்தக்க வாதம். அப்படியானால் பற்றாக்குறைதான் காரணம் என்று சொல்ல வேண்டும். தகுதியற்றவர் என்ற சொல் பற்றாக்குறையை மனிதரின் குறையாக்கிவிடுகிறது.

இன்றைய தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இந்தக் குழப்பம் உச்சத்தை எட்டியிருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவருக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்தில் வாழ்பவருக்கும் வெளியேதான் இடம். ஒரே ஏணியின் கீழும் மேலும் இருபது ஆண்டு வாழ்ந்த இரு குடும்பங்களைப் பிரிக்கும் நியாயம் எது? இத்திட்டத்தில் வெளியே குடியமர்த்தப்படுவோருக்காக 2024இல் மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்த 255.9 ஏக்கர் உப்பள நிலத்தில் 58.5 ஏக்கர் முலுண்டில் இருக்கிறது. முலுண்ட் குடியிருப்பாளர் பலர் இதை எதிர்க்கிறார்கள். தண்ணீரும் சாலையும் வடிகாலும் தாங்காது என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய விவரம். அதற்கு அரசு புள்ளிவிவரத்தோடு பதில் சொல்லக் கடன்பட்டிருக்கிறது. தாராவி மக்கள் இங்கே வரக் கூடாது என்பது வேறு வகைக் கூற்று. முதலாவதன் போர்வையில் இரண்டாவது நுழையும்போது அதைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு ஆய்வாளருடையது.

2024 மார்ச்சில் தாராவியில் தொடங்கிய கணக்கெடுப்பின் முழு விவரமும், மேல்தளங்கள் உட்பட, தகுதி என்ற முத்திரை இல்லாமல் முதலில் பொதுவில் வைக்கப்பட வேண்டும். யாருக்கு எங்கே வீடு என்ற விதியைக் காரணங்களோடு தனி ஆவணமாக வெளியிட வேண்டும். மும்பையிலும் தமிழ்நாட்டிலும் உள்ள சமூகவியல், பொருளியல், சட்டத் துறைகளின் தமிழ் ஆய்வாளர்கள் இந்த இரண்டு ஆவணங்களையும் இப்போதே கேட்க வேண்டும்.